மட்டக்களப்புக்கு எத்தனை படலை?

1

நீலப் புள்ளி காலையிலிருந்து அசையவில்லை.

புள்ளி என்றால் என் மகன் மயூரன். டென்மார்க்கிலிருந்து இஸ்தான்புல்லுக்குச் சைக்கிளில் தனியே போய்க்கொண்டிருக்கிறான். எங்கே நிற்கிறான் என்பது என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்து தந்துவிட்டுத்தான் வெளிக்கிட்டான். "அம்மா, இதைப் பாத்தாச் சரி. அடிக்கடி போன் எடுக்கத் தேவையில்லை," என்றான். நல்ல பிள்ளை, தாய்க்கு ஒரு வேலை குறையட்டும் என்று நினைத்தான். முன்பு மணிக்கொரு தரம் போன் எடுத்திருப்பேன். இப்போது நிமிடத்துக்கொரு தரம் புள்ளி பார்க்கிறேன்.

இன்றைக்கு அது பல்கேரியாவில், என் வாய்க்குள் நுழையாத பேருள்ள ஒரு கிராமத்தில் நிற்கிறது. கடை இல்லை, தங்குமிடம் இல்லை, ஆறு குளம்கூட இல்லை. ஒரு ஒழுங்கை ஓரம். விடிய நான் வேலைக்கு வரும்போது நின்றது, இப்போதும் நிற்கிறது. போன் எடுத்தால் மறுமொழி இல்லை. எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன், புள்ளியைப் பார்க்கிறேன், மடித்ததையே திரும்ப விரித்து மடிக்கிறேன்.

வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். "படுத்திருப்பான், விடு," என்றார். இந்த மனிதர் சுனாமி வந்தாலும் "அது படுத்திருக்கும், விடு" என்றுதான் சொல்லுவார்.

வைத்த கையோடு திருகோணமலையிலிருந்து ராசா அண்ணை எடுத்தார். என் மூத்த தமையன், உவர்மலையில் இருக்கிறார். புள்ளி பார்க்கும் வசதியை மருமகன் அவருக்கும் செய்து கொடுத்திருக்கிறான்.

"பிள்ளை, புள்ளி நிக்குது."

"தெரியும் அண்ணை."

"கன நேரமா நிக்குது."

"தெரியும் அண்ணை."

"அப்ப ஏன் சும்மா இருக்கிறாய்?"

பல்கேரியாவுக்கு நான் என்ன, சலவை வண்டியிலா போவது? அண்ணை வைத்ததும் கிண்ணியாவிலிருந்து ஜமால்தீன் நானா எடுத்தார். அண்ணையின் பழைய கருவாட்டுப் பங்காளி. அவருக்கும் புள்ளி போயிருக்கிறது. இரண்டு ஊர் சேர்ந்து ஒரு பொடியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்வி: அவ்வளவு பயந்தவள் ஏன் அவனைப் போக விட்டாய்? விரிப்புகளை மடித்தபடி நானும் அதைத்தான் யோசிக்கிறேன். போன வருசம் நாங்கள் ஊருக்குப் போன கதையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல ஏலாது.

2

இஸ்தான்புல் கதையை அவன் முதலில் எடுத்தபோது நான் ஏலாது என்றேன். தகப்பனிடம் கேட்டான். "அம்மாட்டைக் கேள்," என்று அவர் டிவிப் பக்கம் திரும்பிவிட்டார்.

அவன் ஒரு பயணத்தைத் திட்டமிடுவதைப் பார்த்தால் கல்யாணம் பேசுவது சின்ன வேலை. எந்த ரோட்டில் லொறி ஓடும், எங்கே ஏற்றம், எந்த நாள் காற்று எந்தப் பக்கம், எங்கே தண்ணி பிடிக்கலாம், எந்த ரயருக்கு எவ்வளவு காற்று என்று எல்லாவற்றையும் கணினியில் கோடு போட்டு வைத்திருப்பான். கோட்டை விரலால் இழுத்தால் ரோடே பின்னால் வரும். தமிழில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பேச மாட்டான். ஆனால் சைக்கிளின் பின் சில்லைப் பற்றி டேனிஷில் ஒரு மணித்தியாலம் பேசுவான். எனக்குப் பாதி விளங்காது. தலையாட்டுவேன்.

"சரி," என்றேன் ஒருநாள். "முதல்ல ஊரில ஓடிக் காட்டு. மாமா வீட்டிலயிருந்து மட்டக்களப்பு கல்லடிப் பாலம். நானும் வருவன். வழி காட்டுறது நீ. மூண்டாம் நாள் பொழுதுபட முதல் பாலத்தில நிண்டமெண்டா இஸ்தான்புல்லுக்குப் போ. இல்லையெண்டா உந்தச் சைக்கிள் பைகளைக் கொண்டுபோய் நிலவறையில வை."

அவன் கணினியில் பார்த்தான். சிரித்தான். "அம்மா, இது முழுக்கச் சமதரை. ஒரு ஏற்றம்கூட இல்லை. கரையோரமாப் போனாச் சரி. பழைய படகுத்துறை எல்லாத்துக்கும் இப்ப பாலம் போட்டாச்சு."

நானும் சிரித்தேன். அவன் ஏற்றத்தைப் பார்த்தான், காற்றைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான். வழியிலுள்ள வீட்டு வாசல் படலைகளைப் பார்க்கவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது, ஆகவே சொல்கிறேன். டென்மார்க்கில் வடக்கு முனையிலிருந்து தெற்கு எல்லை வரை சைக்கிளில் போகலாம். ஒரு குருவி "எங்கே போகிறாய்" என்று கேட்காது. என்னோடு சலவை அறையில் நெடுங்காலம் வேலை செய்யும் கேர்ஸ்டன் வீட்டு வாசலால் நான் தினமும் போகிறேன். அவள் யன்னலுக்குள் நின்று கைகாட்டுவாள். ஒரு கோப்பிக்குக் கூப்பிடுவதென்றால் நாட்காட்டியை எடுத்து வைத்து அடுத்த மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தேடுவாள். அப்படிப்பட்ட நாட்டில் பிறந்த பிள்ளை, தெரிந்தவர்களின் படலையைக் கடப்பதை ஒரு தூரமாகக் கணக்கெடுக்காதது அவன் பிழை இல்லை.

3

விமான நிலையத்தில் சைக்கிள் பெட்டியை உடைத்துப் பார்த்த சுங்க அதிகாரிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "சைக்கிளில் போகவா இவ்வளவு தூரம் பிளேனில் வந்தீர்கள்? பஸ் இருக்கிறதே." மயூரன் விளக்கம் சொன்னான். அதிகாரி இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் வந்த பெரியவர் என்னைப் பார்த்து, "பொடியனுக்குச் சுகமில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். "கொஞ்சம்," என்றேன். உடனே விட்டுவிட்டார்கள்.

எனக்கு அண்ணையின் சைக்கிள். கருவாட்டுப் பெட்டி கட்டிக் கட்டிப் பின் கரியல் ஒரு பக்கம் சாய்ந்த சைக்கிள். அண்ணை கதிரையில் இருந்தபடி மருமகனின் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "பெல் இல்லை, கரியலில மீன் வைக்க ஏலாது. இதென்ன சைக்கிள்?" என்றார். ஆனாலும் விடிய முதல் எழும்பி வந்து படலை திறந்துவிட்டார். மயூரனின் தலையில் கைவைத்து, "அம்மாவைக் கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ மருமகன்," என்றார்.

கச்சான் காற்று எழும்ப முதல் பாதித் தூரம் போய்விட வேண்டும் என்பது மயூரனின் திட்டம். முதல்நாள் இரவு வெருகலில் தங்கல்.

உவர்மலை இறக்கம் தாண்டவில்லை, ஒரு படலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன பிள்ளை, பாத்தும் பாக்காத மாதிரிப் போறாய்? நாங்கள் என்ன பகையே?"

இறங்கினோம். தேத்தண்ணி. நாலாம் கட்டையில் இன்னொரு வீடு. தேத்தண்ணி, வடை. அதற்கடுத்த வளவில் என் பள்ளிக்கூடச் சிநேகிதி. அவள் தேத்தண்ணி தரவில்லை, கோப்பியும் சோடாவும் தந்தாள். இரண்டையும் குடிக்க வேண்டும், ஒன்றைக் குடித்து மற்றதை விட்டால் மற்றது பிடிக்கவில்லை என்று அர்த்தம். மயூரன் ஒவ்வொரு படலையிலும் "நேரமில்லை" என்று சொல்லிப் பார்த்தான். "நேரமில்லாட்டி வேகமாக் குடியுங்கோ," என்றார்கள். சீனன்குடாவில் சறோ அக்கா. என் பெரியப்பாவின் மகள், அவனுக்குப் பெரியம்மா. அவள் ரோட்டின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "இண்டைக்கு நான் ஒண்டும் ஆயத்தமில்லை. நாளைக்கு விடிய இதாலதானே திரும்பிப் போவியள், இடியப்பம் அவிச்சு வைக்கிறன்," என்று சொல்லி, ஆயத்தமில்லாததற்குத் தேத்தண்ணியும் வாழைப்பழமும் தந்தாள்.

இதாலே ஏன் திரும்பிப் போக வேண்டும்? அவள் வீட்டுக்கு முதலே வரும் கிண்ணியாச் சந்தியில் திரும்பாமல் நேரே கண்டி ரோட்டில் கப்பல்துறைக்குப் போகச் சொன்னது நான். அங்கே சறோ அக்காவின் தம்பி வீடு. அவரிடம் போகாமல் போனால் என் காலத்துக்கும் கதை இருக்கும். "அது எங்கட ரோட்டில இல்லையே அம்மா," என்றான் மயூரன். "சொந்தத்தில இருக்கு," என்றேன்.

கப்பல்துறையில் கோழிக்கறியோடு மத்தியானச் சோறு. சாப்பிட்டு எழும்பினால் "வெயிலுக்குள்ள எங்க போறியள்" என்று பாய் விரித்தார்கள். வெயில் தாழ, "இருட்டப் போகுது, எங்க போறியள்" என்று அதே பாயைத் தட்டிப் போட்டார்கள். மயூரன் வயிற்றில் போனை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். அவன் போட்ட கோட்டில் அன்றைக்குப் போன பகுதி கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். இஸ்தான்புல் நிலவறைக்குள் போய்ப் பூட்டுப்பட்டுவிட்டது.

4

அந்த வீட்டில் குகன் என்று ஒரு பொடியன், மயூரனுக்கு மச்சான் முறை. அவனுக்கு இவனைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

"மச்சான், படலையளைத் தாண்ட ஒரே ஒரு வழிதான் இருக்கு," என்றான். "செத்த வீட்டால வாறம் எண்டு சொல்லு. துடக்கு எண்டு ஒருத்தரும் உள்ள விடாயினம்."

"ஆற்றை செத்த வீடு எண்டு கேட்டா?"

"தூரத்துச் சொந்தம் எண்டு சொல்லு."

உண்மைதான். எங்கள் ஆட்கள் செத்த வீட்டுக்குப் போய் வந்தால் குளித்து முழுகும்வரை இன்னொரு வீட்டு வாசலை மிதிப்பதில்லை. மிதிக்கச் சொல்லி ஒருவரும் கேட்பதுமில்லை. நான் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் படுத்துவிட்டேன். மயூரன் பாடமாக்கினான்.

விடிந்ததும் சறோ அக்கா வீட்டுப் படலை. இடியப்ப மணம் ரோட்டுக்கே வந்தது. மயூரன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மாதிரிச் சொன்னான்.

"பெரியம்மா, நாங்கள் செத்த வீட்டால வாறம்."

கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அப்படியே பின்னுக்குப் போனாள். "ஐயோ, ஆற்றை?"

"தூரத்துச் சொந்தம்."

"அப்ப உள்ள வராதேங்கோ. குளிச்சு முழுகிட்டு இன்னொரு நாளைக்கு ஆறுதலா வாங்கோ."

படலை சாத்தப்பட்டது. நான் அவன் காதைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. நானும் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன், சறோ அக்காவின் படலையை ஒரு மனிதர் ஒரு நிமிடத்தில் கடந்ததில்லை. எனக்கு அது ஒரு அதிசயமாக இருந்தது. பிறகு வந்த வீடுகளிலும் அவன் அதையே சொன்னான், நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது கச்சான் இன்னும் எழும்பவில்லை. கையை விட்டுவிட்டு ஓடலாம் போல இருந்தது, இந்த வயதில் எனக்கு.

பாலம் இறங்க என் கரியல் கழன்றது. சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். மயூரனைத் தண்ணி வாங்க அனுப்பினேன். "அந்தப் பச்சைக் கதவுக் கருவாட்டுக் கடைப்பக்கம் மட்டும் போகாதை. ஜமால்தீன் நானா கண்டாரெண்டா ஆடு அறுத்துத்தான் விடுவார்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் பின்னர்தான் அறிந்தேன். தண்ணிப் போத்தலோடு வந்தவனை நானா ரோட்டிலேயே கண்டுவிட்டார். மூக்கைப் பார்த்தே எங்கள் வீட்டுப் பிள்ளை என்று பிடித்துவிட்டாராம். மயூரன் உடனே தன் மந்திரத்தைச் சொல்லியிருக்கிறான். கிண்ணியாவில் அந்த மந்திரம் பலிக்காது. அங்கே துடக்கு இல்லை, துக்கம் மட்டும்தான் உண்டு. துக்கத்தோடு வந்தவனை ரோட்டில் நிற்க விடுவார்களா? நானா அவன் கையைப் பிடித்துக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தார்.

"ஆரு மகன் மௌத்து?"

"தூரத்துச் சொந்தம்."

"பேரென்ன? எனக்குத் தெரியாத சொந்தம் உங்கட உம்மாவுக்கு இல்லையே."

பிள்ளைக்கு ஊரில் எத்தனை பேரைத் தெரியும்? பெரியம்மா, மச்சான் என்று முறைதான் தெரியும், பேர் தெரியாது. பேரோடு தெரிந்தது ஒரே ஒரு ஆள்.

"ராசா மாமா," என்றான்.

5

மூதூரில் ஒரு மரத்தடியில் இருந்தோம். நேரம் மத்தியானம்கூட ஆகவில்லை. இப்படிப் போனால் இருட்ட முதல் வெருகல், அடுத்த நாள் பின்னேரம் கல்லடி. பந்தயம் போச்சு என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வெல்லப்போகிறவன் போத்தல் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. ராசா அண்ணை.

"பிள்ளை, எங்க நிக்கிறியள்?"

"மூதூர், அண்ணை."

"நல்லது. ஒரு விசயம் கேக்கோணும். நான் செத்துப்போனனாம். உனக்கு ஏதும் தகவல் வந்ததே?"

ஜமால்தீன் நானா கடையைப் பூட்டிக்கொண்டு, ஓட்டோவில் செத்த வீட்டுத் தேவைக்கு ஐஸ் பெட்டி, சீனி மூட்டை எல்லாவற்றோடும் அழுதுகொண்டு உவர்மலைக்குப் போயிருக்கிறார். அண்ணை விறாந்தையில் இருந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நானா கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, பிறகு வியாபார நாளில் உயிரோடு இருந்ததற்காக அவரை ஏசத் தொடங்கிவிட்டார். அதற்குள் நானா வழியில் சொன்ன பேரும், படலை படலையாக நாங்கள் விட்டுவந்த செத்த வீடும் போனில் ஒன்றுசேர்ந்துவிட்டன. ஒழுங்கை முகப்பில் பொடியன்கள் செத்த வீட்டு வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். நிலாவெளியிலிருந்து ஒரு வான், சாம்பல்தீவிலிருந்து ஒரு வான். வந்தவர்களைப் பச்சைத் தண்ணியோடு அனுப்ப ஏலாது என்று அண்ணையின் மனைவி, என் மச்சாள், உலை வைத்திருக்கிறாள். சமைக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு இன்னும் பேர் வருகிறார்கள்.

"எல்லாம் சரி," என்றார் அண்ணை. "எங்கட சின்ன மாமி வந்து என்ரை காலில விழுந்து அழுதது. அதுக்கு நெஞ்சு வருத்தம். அதுதான் எனக்குச் சரியில்லை."

போனை வைத்துவிட்டு மயூரனைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. காது சிவந்துபோய் இருந்தான்.

"போனில மன்னிப்புக் கேள். மாமா ஒண்டும் சொல்லார்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பினால் வெல்வது நான். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க வெல்லப் பிடிக்கவில்லை.

அவன் எழும்பினான். சைக்கிளைத் தூக்கி, முன் சில்லை வந்த பக்கம் திருப்பி வைத்தான்.

"போனில சொல்லுற விசயம் இல்லை அம்மா."

"கல்லடி?"

"அது பாலம்தானே. நிக்கும்."

6

திரும்பி வருவதற்கு அடுத்த நாள் பொழுதுபடும்வரை எடுத்தது. அவன் ஒரு படலையையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உள்ளே போய்ச் சொன்னான்: "ஒருத்தரும் சாகேல்லை. நான் பொய் சொன்னனான்." முதல் வீட்டில் திக்கித் திக்கிச் சொன்னான். நாலைந்து வீடு தாண்ட, ஊர்ப் பொடியன் மாதிரிச் சொன்னான். சொல்லி முடிக்கத் தேத்தண்ணி வந்தது. குடித்தான். சறோ அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அது சரி, விடிய அவிச்ச இடியப்பம் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டாள். அதையும் சாப்பிட்டான். இரவு அங்கேதான் படுத்தோம். நெஞ்சு வருத்தக்கார மாமி அடுத்த நாள் அவனைக் கட்டிக்கொண்டு, "மோட்டுப் பிள்ளை," என்று அழுதது. அவனும் அழுதான். நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லடிப் பாலத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் உவர்மலை ஒழுங்கைக்குள் ஏறினோம். வெள்ளைக்கொடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணை கழற்ற விடவில்லையாம். ஒருநாள் தேவைப்படும்தானே, இருக்கட்டும் என்றாராம். வளவு நிறையச் சனம், ஜமால்தீன் நானா பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

மயூரன் நேரே போய் அண்ணை முன்னால் நின்றான். "மாமா, நான்தான் சொன்னனான். தெரியாமச் சொல்லேல்லை. தெரிஞ்சுதான் சொன்னனான்."

அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். சனம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"மருமகன்," என்றார். "செத்த வீட்டால வாறவன் குளிக்காம உள்ள வரப்படாது. கிணத்தடிக்குப் போங்கோ."

நானாதான் தண்ணி அள்ளி அவன் தலையில் ஊற்றினார். பிறகு அவனைத் தன் பக்கத்தில் இருத்திச் சோறு போட்டார். அண்ணை என்னிடம் இரகசியமாகச் சொன்னார்: "எனக்கு நட்டமில்லை பிள்ளை. ஆர் ஆர் வந்தது எண்டு பாத்துட்டன். ஆர் வரேல்லை எண்டும் பாத்துட்டன்."

7

டென்மார்க்குக்கு வந்த அன்றே மயூரன் பைகளைக் கொண்டுபோய் நிலவறையில் வைத்தான். நான் கேட்கவில்லை, அவனும் வழக்காடவில்லை. இஸ்தான்புல் என்ற பேரையே அந்த மாரி முழுக்க எடுக்கவில்லை.

பனி கரைந்ததும் நான்தான் போய்ப் பைகளை மேலே தூக்கி வந்தேன். தூசி தட்டி, ஒன்றுக்குள் நானா தந்த கருவாட்டைக் கட்டி வைத்தேன். "பந்தயம் தோத்தனான் அம்மா," என்றான். "தெரியும், போ," என்றேன். அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. மூதூர் மரத்தடியில் அந்தச் சில்லைத் திருப்பி வைத்தானே, அன்றைக்கு என் பயத்தில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதிதான் இன்றைக்கு விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறது.

இதை யோசித்து முடிக்கையில் போன் சத்தம் போட்டது. புள்ளி இல்லை, படம்.

ஒரு மேசை. அதில் ரொட்டி, வெள்ளைச் சீஸ், தக்காளி, ஏதோ ஒரு வறுவல், இன்னும் நிறையக் கிண்ணங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் பெருத்த மீசைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் என் மகன், கண் பிதுங்கிப்போய். மேசை ஓரத்தில் நானாவின் கருவாட்டுப் பொதி பிரித்தபடி கிடந்தது. கீழே எழுதியிருந்தான்:

"அம்மா, படலையில நிண்டு தண்ணிதான் கேட்டனான். உள்ள கூட்டிக்கொண்டு போட்டினம். போனில சார்ஜ் இல்லை, இப்பதான் போட்டது. திரும்பத் திரும்பக் கோப்பி ஊத்துகினம். ஏலாது. என்ன சொல்லி வெளிக்கிடுறது?"

மடித்த விரிப்புகளின் மேல் இருந்து நன்றாகச் சிரித்தேன். கேர்ஸ்டன் எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினேன்.

"ஒருத்தரையும் சாக்காட்டாதை தம்பி. இருந்து குடி."